மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

சட்டையை நான் மேசைமேல் வைப்பதற்குள் அவர் அதைப் பிடுங்கிப் பிரித்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருப்பார். ஒரு கண் சுருங்கும். மூக்கு கறைக்குப் பக்கத்தில் போகும். ஆமாம், மோந்துதான் பார்ப்பார். "டீ. சக்கரை தூக்கல். பஸ்ஸுக்கு ஓடுறப்போ சிந்தியிருக்கு" என்பார். டாக்டர் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன சர்க்கரை அது. பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தால் தொலைந்தேன். பிறகு சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார்.

"போயிடும்."

எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே 'போயிடும் அண்ணன்'தான். வயது ஐம்பத்தெட்டு. ஒல்லி உடம்பு. முப்பது வருடத் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியே இருக்கும். பேனா மசி, துரு, மாதுளைச் சாறு, மூக்கில் வடிந்த ரத்தம், எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதே பதில்தான். கறைக்கு மட்டுமா? தலைவலி என்றாலும் போயிடும். கரண்ட் இல்லை என்றாலும் அதுவே. எங்கள் வீட்டு மாடியில் பதினொரு வருடமாகக் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கும் குடித்தனக்காரரைப் பற்றிக் கேட்டாலும், மரியாதைக்குக்கூட ஓர் எழுத்தை மாற்றாமல் "போயிடும்" என்றுதான் சொல்வார். அந்த மனிதர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

பாலம் முடிகிற இடத்தில் கடை. ஒரே அறை. பின்கதவைத் திறந்தால் நாலு படி, படிக்குக் கீழே ஆறு. அறையை அடைத்துக்கொண்டு ஒரு நீள மேசை கிடக்கும். மேசையின் நடுவில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு, பெயின்ட்டால் போட்டது. கோட்டுக்கு இடப்பக்கம் இவருடைய சலவை. வலப்பக்கம் இவர் மனைவியின் தையல். கல்யாணமான முதல் வருடம், வெட்டுவதற்காக அந்த அம்மா சாக்பீஸால் அளவு குறித்து வைத்திருந்த ஆறு ஜாக்கெட் துணிகளை இவர் அழுக்கு என்று நினைத்து அலசிவிட்டார். ஆறு பேருடைய அளவும் தண்ணீரோடு போயிற்று. அன்றைக்கே அந்த அம்மா பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வாங்கிவந்து கோட்டைப் போட்டுவிட்டார். "இந்தப் பக்கம் வந்தது உங்களுது. அந்தப் பக்கம் இருக்கிறதை, வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் தொடக்கூடாது."

அதை அவர் சத்தியமாக எடுத்துக்கொண்டார். வலப்பக்கம் மேசைவிளிம்பில் கத்தரிக்கோல் விழப்போகிறது என்றால்கூட வாயால்தான் கூப்பிடுவார், கை நீட்டமாட்டார். இடப்பக்கம் வந்தது எதுவானாலும் வாளிக்குள் போய்விடும். சில்லறை எடுக்கக் கை வேண்டுமே என்று ஒரு பெண் அங்கே வைத்த கரடி பொம்மை, ஒரு பெரியவரின் மப்ளர், என் குடை. குடையை இஸ்திரி போட்டுக் கொடுத்த கடை உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும். கேட்டால், "கோட்டைத் தாண்டி வந்துச்சுங்க. நான் என்ன பண்ண?" என்பார்.

அவருடைய கர்வம் நீலத்தில் இருக்கிறது. வெள்ளைத் துணிக்குக் கடைசி அலசலில் சேர்க்கும் நீலச் சொட்டைத்தான் சொல்கிறேன். தலைக்கு மேலே தனிப் பலகையில் அந்தப் பாட்டில் இருக்கும். அதை எடுக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். வாளிக்கு மூன்று சொட்டு, கண்ணை மூடிக்கொண்டு விடுவார். "வெள்ளைன்னா என்னங்க? வெள்ளையில துளி நீலம் இருந்தாத்தான் கண்ணுக்கு வெள்ளை. இல்லாட்டி அது வெறும் வெளிறிப்போன துணி." ஆஸ்பத்திரி நர்ஸுகள் மூன்று பஸ் நிறுத்தம் தாண்டி இவரிடம் வருவது அந்த மூன்று சொட்டுக்காகத்தான்.

இப்படி ஒரு மனிதர் ஆற்றைப் பற்றிக் கவலைப்படுவார் என்று யாரும் நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை. கவலையெல்லாம் வலப்பக்கத்தில்தான் இருந்தது. அந்த அம்மாவின் தங்கை, ஆறு கடலில் போய்ச் சேரும் கழிமுகத்தில் மட்டி பொறுக்குகிறவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றைக் காலால் துழாவி, ஓட்டோடு மட்டியை எடுத்துச் சந்தைக்குக் கொடுப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஒரு கூடை மட்டியைக் கொண்டுவந்து இந்தக் கடையில் கொட்டினார். எல்லாம் வாயைப் பிளந்து செத்துப்போனவை. அவருடைய கையிலும் தோல் உரிந்திருந்தது.

மேலே பாலத்தைத் தாண்டி ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. அதன் குழாய் ஆற்றில்தான் திறக்கிறது. இது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? வேன் ஓட்டுகிறவர், ஜெராக்ஸ் கடைக்காரம்மா, வலை பின்னுகிறவர் என்று ஒன்பது பேர் இந்தக் கடையில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு நடுவில் இவர் பாட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் வாயைத் திறந்தார். "போயிடும்மா. நல்லா ஒரு மழை அடிச்சா எல்லாம் அடிச்சிட்டுப் போயிடும்."

தையல் மெஷின் நின்றது. "எங்கங்க போகும்? கீழதானே போகும்? கீழ யாரு இருக்கா? என் தங்கச்சி இருக்கா."

அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. என் சட்டையின் காலர் அழுக்கைப் பார்த்தும் அதைச் சொல்லாமல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். மூன்று தடவை மனு கொடுத்தார்கள். "ஆத்துன்னா கலங்கத்தான் செய்யும். ஆதாரம் கொண்டு வாங்க" என்று பதில் வந்தது. தையல்காரிக்குத் தெரிந்த ஆதாரம் துணிதானே? நாலு விரல் அகலத்தில் வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றைத் தங்கை தினமும் காலையில் கழிமுகத்து முளைக்கம்பில் கட்டுவார். மறுநாள் காலையில் அவிழ்த்துவிட்டு வேறொன்றைக் கட்டுவார். காய்ந்து வருகிற துண்டின் ஓரத்தில் அக்கா அதைக் கட்டிய நாளின் தேதியைச் சிவப்பு நூலால் மெஷினில் தைத்து, முந்தின நாள் துண்டோடு சேர்த்துவிடுவார். மசியால் எழுதினால் கரையும், நூல் கரையாது. ஏழு மாதத்தில் அது பாலத்தின் பாதி நீளத்துக்கு வளர்ந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாத் துண்டும் ஒரே சேற்று நிறம். இருந்தும் அந்த அம்மா விடவில்லை. பட்டறை இரண்டாவது குழாய் போட அனுமதி கேட்டிருந்தது. அது பற்றி ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். "அதுவும் வந்துச்சுன்னா மட்டியை மறந்துட வேண்டியதுதான்க்கா" என்றிருந்தார் தங்கை. அக்காவின் கையில் இருந்ததெல்லாம் அந்தத் துணிச் சுருள் ஒன்றுதான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை. வேன்காரர் வெளியே ஹாரன் அடிக்க, தலையணை உறையில் சுற்றிய சுருளை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு, அந்த அம்மா அவசரமாகத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வைத்தது கோட்டுக்கு இடப்பக்கம். ஒரு சாண் தள்ளி.

அன்றைக்கு ஒரு லாட்ஜிலிருந்து நாற்பது படுக்கை விரிப்பு வந்திருந்தது. அந்த லாட்ஜ்காரர்கள் அடையாளத்துக்குத் துணி ஓரத்தில் சிவப்பு நூலால் எண் தைப்பார்கள். இவர் உறையை உதறினார், சிவப்பு நூலைப் பார்த்தார், லாட்ஜ் துணி என்றே தொட்டியில் போட்டார். "கை பாத்துச்சுங்க, நான் பாக்கல" என்று பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊறவைத்து, சோடா போட்டு, அடித்து, அலசினார். சேறு போயிற்று, பாசி போயிற்று. துணி வெளுத்து வந்தது. ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில துண்டுகளில் மட்டும் ஒரு கத்தரிப்பூ நிறம் அப்படியே நின்றது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எலுமிச்சை தேய்த்தார். துருவுக்குப் போடும் அமிலத்தைத் தொட்டுப் பார்த்தார். பெட்ரோல், ப்ளீச்சிங், எதுவும் பாக்கி இல்லை. மூன்று மணி நேரம் போராடிவிட்டு, தோற்ற முகத்தோடு பின்கதவுக்கு வெளியே இருந்த கொடியில் மடித்து மடித்துக் காயப்போட்டார்.

நாலு மணிக்கு மனைவி திரும்பிவந்தார். பின்கதவு வழியாகக் கொடியைப் பார்த்தார். காற்றில் வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றார் அண்ணன். "ஏழு மாசம்" என்று மட்டும் வாயில் வந்ததாம்.

அப்போதும் இந்த மனிதருக்கு விளங்கவில்லை பாருங்கள்! கறை முழுசாய்ப் போகாததுதான் வருத்தம் என்று நினைத்துச் சமாதானம் சொல்லியிருக்கிறார். "முக்காவாசிக்கு மேல போயிடுச்சும்மா. இந்த முப்பதுதான் அடம் பிடிக்குது. நாளைக்கு வேற ஒண்ணு போட்டுப் பாக்கிறேன்."

அந்த அம்மா நிமிர்ந்தார். "எந்த முப்பது?"

இருவரும் கொடியருகே போனார்கள். அந்த அம்மா சிவப்பு நூலைத் தடவித் தேதிகளைப் படிக்க, அவர் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டுவந்து புரட்டினார். அப்போதுதான் தான் துவைத்தது எதை என்று அவருக்கு உறைத்தது. ஆனால் காலண்டர் வேறொன்றும் சொன்னது. ஆறு வெள்ளை, ஒரு கத்தரிப்பூ. மறுபடி ஆறு வெள்ளை, ஒரு கத்தரிப்பூ. முப்பதும் புதன்கிழமை. சேறு மூடியிருந்தவரை ஏழு மாதமும் யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயம்.

அவர் உள்ளே ஓடி, இடப்பக்க அலமாரியிலிருந்து ஒரு காக்கிச் சட்டையை எடுத்துவந்தார். பட்டறைத் தொழிலாளிகளின் சீருடையும் இவரிடம்தான் சலவைக்கு வரும், வாரம் ஒரு மூட்டை. சட்டையின் கைவிளிம்பில் அதே கத்தரிப்பூ. "நாலு வருஷமா இதை எடுக்க முடியல. வெளிய சொன்னா வெக்கம்னு யாருகிட்டயும் சொல்லல" என்றார். பிறகு, "நாளைக்குப் புதன், அவங்க சாயம் திறந்துவிடுற நாள். துணி கட்டச் சொல்லு" என்றார். அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார். பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போனபோது கதவில் பூட்டு. 'ஸ்கூலில் இருக்கிறேன்' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. என் ஐந்து சட்டையும் உள்ளே. வேறு வழியில்லாமல் கசங்கின பனியனுக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆறு, கழிமுகம் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். சட்டைதான் முக்கியம். உண்மையைச் சொல்ல எனக்கென்ன?

மேடையில் ஓர் அதிகாரி அம்மா. பக்கத்தில் பட்டறை மேலாளர், பளீரென்ற வெள்ளைச் சட்டையில். அதில் இருந்த துளி நீலத்தைப் பார்த்தவுடனே எந்தக் கடைச் சலவை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தையல்காரம்மா சுருளை விரித்துப் புதன்கிழமைகளைக் காட்டினார். மேலாளர் சிரித்தார். "மேடம், இது துவைச்ச துணி. துவைக்கிறப்போ எந்தச் சாயம் ஒட்டுச்சோ! இதையா ஆதாரம்னு கொண்டு வர்றது?" மண்டபத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். கீழே முதல் வரிசையில் தங்கை, தோல் உரிந்த கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

பின்வரிசையில் ஒரு வாளி தட்டுகிற சத்தம் கேட்டது. போயிடும் அண்ணன் எழுந்து வந்துகொண்டிருந்தார். வாளியில் தண்ணீர், தோளில் அந்தக் காக்கிச் சட்டை, கையில் சோப்பு.

"அம்மா, துவைச்சது நான்தான். தப்பு என்னுது. ஆனா எது துவைச்சாப் போகும், எது போகாதுன்னு இந்த ஊர்ல என்னைக் கேக்காம வேற யாரைக் கேப்பீங்க?"

இந்த வாரத்துத் துண்டுகள் இரண்டைக் காட்டினார். செவ்வாயன்று கட்டியது ஒன்று, புதனன்று கட்டியது ஒன்று. இரண்டும் துவைக்காதவை, இரண்டும் ஒரே சேறு. அதிகாரி அம்மாவே முன்வந்து தேதியைப் பார்த்துக்கொண்டார். இவர் தரையில் குந்தி உட்கார்ந்து செவ்வாயை நனைத்தார். ஐந்து நிமிடத்தில் வெள்ளை. பிறகு புதனைக் கையில் எடுத்தார். கூட்டம் இருக்கிறதே என்று பட்டறைக்காரர்கள் அந்த ஒரு புதன் மட்டும் குழாயை மூடியிருந்தால் எல்லாம் போச்சு. அது தையல்காரம்மாவுக்கும் தெரியும், எனக்கும் அப்போது புரிந்துவிட்டது. சட்டையெல்லாம் மறந்துபோயிற்று. சேறு கரைந்து ஓட ஓட அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "போகாத, போகாதன்னு சொன்னேங்க. வாழ்க்கையில முதல் தடவை" என்றார்.

சேற்றுக்குக் கீழேயிருந்து கத்தரிப்பூ மெல்ல எழுந்து வந்தது. தேய்த்தார். அலசினார். மறுபடி தேய்த்தார். பிழிந்து, காக்கிச் சட்டையின் கைவிளிம்புக்குப் பக்கத்தில் வைத்தார். நிறத்தில் ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.

"இது போகாதும்மா" என்றார்.

மேலாளர் விடவில்லை. "அண்ணே, எங்களைச் சொல்றீங்களே, உங்க கடை சோப்புத் தண்ணி எங்க போகுது?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. வாளியைக் குனிந்து பார்த்தார். நுரை இன்னும் அடங்கியிருக்கவில்லை. இனி மனுஷன் அவ்வளவுதான் என்று நினைத்தேன். "ஆத்துக்குத்தான் போகுது" என்றார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "அதுவும் தப்புதான். என் தண்ணியையும் சேர்த்து எழுதிக்குங்கம்மா" என்றார். அதிகாரி அம்மா நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது மனைவி மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசினார். "வாளியைக் கொடுங்க. நான் தூக்கிட்டு வர்றேன்."

இதெல்லாம் நடந்து பத்து மாதம் ஆகிறது. இரண்டாவது குழாய்க்கு அனுமதி கிடைக்கவில்லை. மூன்று புதன்கிழமை அதிகாரிகளே வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள். பிறகு முதல் குழாய்க்கும் சீல் வைத்தார்கள். இப்போது பட்டறைக்குள் சுத்திகரிக்கும் தொட்டி கட்டி, அதிலிருந்துதான் தண்ணீரை விடுகிறார்களாம். "நம்பணும்னு அவசியமில்ல. கட்டிப் பாக்கத்தான் துணி இருக்கே" என்கிறார் அந்த அம்மா. கடைசிப் பதினொரு புதனும் துவைத்தால் வெள்ளைதான். போன மாதம் தங்கை உள்ளங்கையில் மூடிக்கொண்டு எதையோ கொண்டுவந்து காட்டினார். மிளகளவு மட்டிக் குஞ்சுகள், ஏழெட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு. எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. காட்டிவிட்டு உடனே ஈரத்துணியில் பொதிந்து, எடுத்த இடத்திலேயே விடக் கொண்டுபோனார்.

சீருடை மூட்டை மட்டும் இவருக்கு நின்றுபோனது. பட்டறையில் வேறு கடைக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று தொழிலாளிகள் தங்கள் சட்டையைத் தாங்களே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். "வேற எடத்துல காலர் கடிக்குதுண்ணே" என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

கடையின் பின்புறம், படிக்குப் பக்கத்தில் இவர் ஒரு குழி வெட்டியிருக்கிறார். சரளைக்கல், கரி, மணல் என்று அடுக்கி, சலவைத் தண்ணீரை அதன் வழியாக இறக்குகிறார். ஒரு பக்கம் கருணைக்கிழங்கு நிறத்தில் உள்ளே போகிற தண்ணீர், மறுபக்கம் குழாயில் மெலிந்து சொட்டுகிறது. அந்தக் குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துண்டு கட்டியிருக்கும். நாலு விரல் அகலம். யாரும் அவரைக் கட்டச் சொல்லவில்லை.

நேற்று நான் போனபோது அந்தத் துண்டை அவிழ்த்துக் கொண்டுவந்தார். இடப்பக்கம் வைத்தால் பாழாய்ப்போன பழக்கத்தில் கை துவைத்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, நேராகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டினார். மனைவி வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேதியைத் தைக்கத் துணியை ஊசிக்குக் கீழே நுழைத்தார்.

"அழுக்கு இல்ல. ஆனா நீலம் தெரியுது" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். சொல்லவில்லை. என் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு தலைக்கு மேலிருந்த பலகையில் கையை விட்டு நீலப் பாட்டிலை எடுத்து, மூடியை இறுக்கித் திருகி, மேசைமேல் வைத்து, ஒற்றை விரலால் மெல்ல மெல்ல மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.